பாமியான் புத்தரை மீட்ட படங்கள்

ஆப்கானிஸ்தானின் பாமியான் பள்ளத்தாக்கில், மலைச்சுவரைக் குடைந்து செதுக்கிய இரண்டு பெரும் புத்தர் சிலைகள் ஏறத்தாழ 1,400 ஆண்டுகள் நின்றன. பெரிய சிலையின் உயரம் சுமார் 55 மீட்டர். 2001 மார்ச்சில் தாலிபான்கள் இரண்டையும் வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

அதன் பிறகு, சுவிட்சர்லாந்தின் சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பெரிய சிலையைக் கணினியில் முப்பரிமாணத்தில் மீட்டெடுத்தார்கள். வெவ்வேறு இடங்களில் நின்று எடுத்த படங்களை ஒப்பிட்டு, சிலையின் ஒவ்வொரு புள்ளியும் எங்கே இருந்தது என்று கணக்கிடும் முறை இது. நம் இரு கண்களும் சேர்ந்து தொலைவை அறிவது போலத்தான். இணையப் படங்களும் சுற்றுலாப் பயணிகளின் படங்களும் ஓரளவே உதவின. கைகொடுத்தவை, ஆஸ்திரியப் பேராசிரியர் கோஸ்ட்கா 1970இல் நில அளவைக்கான கேமராவில் எடுத்து வைத்திருந்த படங்கள். அங்கியின் மெல்லிய மடிப்புகள் மட்டும் கணினிக்குப் பிடிபடவில்லை. அவற்றை ஆய்வாளர்களே படத்தைப் பார்த்துக் கையால் அளந்து சேர்த்தார்கள். எவ்வளவு பொறுமை!

உங்கள் ஊரில் பழைய மண்டபமோ சிற்பமோ இருந்தால், நாலாபக்கமும் நின்று இன்றே படமெடுத்துப் பத்திரப்படுத்துங்கள்.