கடலில் எண்ணெய்: சூட்டை வைத்துத் துப்பறியும் காமிரா

மழைக்காலத்தில் வடாலா பக்கம் நடந்து போகிற நம்மவர்கள் அந்தக் காட்சியைத் தவறாமல் பார்த்திருப்பார்கள். லாரிகள் நிற்கும் இடத்தில் தேங்கிய மழைநீரின் மேல் வானவில் விழுந்து கிடப்பது போல வண்ண வண்ணமாக மின்னும். டீசல் சொட்டின் வேலை அது. சென்ற வாரம் கூட்ஸ் ஷெட்டில் எனக்குப் பழக்கமான திருநெல்வேலிக்காரர் ஒருவர், சுமை தூக்கும் தொழிலாளி, அப்படி ஒரு குட்டையைக் காட்டி, "அண்ணாச்சி, இம்புட்டு கலர் அடிக்குதே, எத்தனை லிட்டர் கொட்டியிருக்கும்?" என்று கேட்டார்.

"ஒரு டீ ஸ்பூன் இருந்தாலே அதிகம்" என்றேன். அவர் நம்பவில்லை.

கணக்கு இதுதான். ஒரு மில்லி மீட்டரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு மைக்ரான். வானவில் நிறம் காட்டும் எண்ணெய்ப் படலத்தின் கனம் சுமார் 0.3 மைக்ரானிலிருந்து 5 மைக்ரான் வரைதான். ஒரு சதுர கிலோ மீட்டர் கடல் முழுவதும் ஒரு மைக்ரான் கனத்துக்கு எண்ணெய் படர்ந்திருந்தால் மொத்தம் 1,000 லிட்டர். அதே பரப்பில் கறுப்பாக 200 மைக்ரான் கனத்துக்குக் கிடந்தால் இரண்டு லட்சம் லிட்டர்! கண்ணைப் பறிக்கும் வண்ணத்தில் சரக்கு இல்லை; சரக்கு எல்லாம் அங்கங்கே கிடக்கும் கறுப்புத் திட்டில்தான்.

குட்டையில் இது வேடிக்கை. கடலில் அப்படி அல்ல. 2010 ஆகஸ்ட் 7-ஆம் தேதி மும்பை துறைமுகத்துக்கு வெளியே 'எம்.எஸ்.சி. சித்ரா', 'கலீஜியா-3' என்ற இரு கப்பல்கள் மோதிக்கொண்டது பலருக்கு ஞாபகம் இருக்கும். சித்ரா ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நூற்றுக்கணக்கான கண்டெய்னர்கள் கடலில் விழுந்தன. சுமார் 800 டன் எண்ணெய் கசிந்து, கரையோரச் சதுப்புக் காடுகள் வரை போய் ஒட்டியது. சில நாட்களுக்குக் கப்பல் போக்குவரத்தே நின்றது. மீன் வாங்க ஜனங்கள் தயங்கினார்கள். கோலி மீனவர்களுக்கு அது மழைக்காலத் தடை முடிந்து தொழில் தொடங்கும் சமயம்.

இப்படிப்பட்ட நேரத்தில் எண்ணெயை அள்ளும் படகுகள் கைவிரல் விட்டு எண்ணக்கூடியவை. மிதவை வேலியும் ஓரளவுக்குத்தான் கிடைக்கும். அவற்றை எந்தப் பக்கம் அனுப்புவது? விமானத்திலிருந்து வெறுங்கண்ணால் பார்த்தால் மேக நிழலும் எண்ணெய் போலத் தெரியும். கடற்பாசியும் எண்ணெய் போலத் தெரியும். வண்ணப் படலத்தைத் துரத்திப் போன படகு வெறும் தண்ணீரை அள்ளிக்கொண்டு வரும். இங்கேதான் அகச்சிவப்புக் கதிர்க் கருவி உதவுகிறது.

அகச்சிவப்புக் கதிர் என்றால் பயப்பட வேண்டாம். 1800-ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வானியல் விஞ்ஞானி, சூரிய ஒளியைப் பட்டகத்தின் வழியே செலுத்தி ஒவ்வொரு நிறத்திலும் உஷ்ணமானியை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு அப்பால், நிறமே இல்லாத இடத்திலும் உஷ்ணம் ஏறியது. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கதிரைத்தான் இப்போது காமிரா படம் பிடிக்கிறது. எந்தப் பொருளும் தன் சூட்டுக்கு ஏற்ப இதை வீசிக்கொண்டே இருக்கும். எண்ணெய் தேடும் காமிராக்கள் பெரும்பாலும் 8 முதல் 14 மைக்ரான் அலைநீளத்தைப் பார்க்கின்றன.

ரயில்வேக்காரர்களுக்கு இது எளிதில் புரியும். பட்டப்பகலில் தண்டவாளத்தில் கை வைக்க முடியாது. பக்கத்துக் குளம் வெதுவெதுப்போடு சரி. விடியற்காலையில் தண்டவாளம் சில்லிட்டிருக்கும். குளமோ பழைய சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். கனமான எண்ணெய் தண்டவாளத்தின் ஜாதி. பகலில் வெயிலைக் குடித்துச் சூடேறிக் கடலை விட உஷ்ணமாகத் தெரியும். இரவில் சூட்டைச் சீக்கிரம் இழந்து கடலை விடக் குளிர்ந்ததாகத் தெரியும். ஆகவே இருட்டிலும் அதைத் தேடலாம். பகல் நிலை இரவு நிலையாக மாறும் இடைவேளையில் மட்டும் இரண்டும் ஒன்றாகி, படத்தில் எண்ணெய் மறைந்துவிடும்.

இன்னொரு வேடிக்கை உண்டு. நடுத்தரக் கனமுள்ள படலம் பகலிலேயே கடலை விடக் குளிர்ந்தது போலத் தோன்றும். ஒரே சூட்டில் இருந்தாலும் தண்ணீரை விட எண்ணெய் கொஞ்சம் குறைவாகவே உஷ்ணக் கதிரை வீசுகிறது என்பதே காரணம். 50 முதல் 150 மைக்ரான் கனத்துக்குள் இந்தக் 'குளிர்ச்சி' மாறி 'சூடு' ஆகிறது. சுமார் 10 மைக்ரானுக்குக் கீழே போனால் காமிராவுக்கு எதுவும் தெரியாது. மெல்லிய படலத்தைப் பார்க்கப் புற ஊதாக் கதிர்க் கருவியைத் துணைக்கு வைக்கிறார்கள். இரண்டு படங்களையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தால், எண்ணெய் பரவிய எல்லையும் தெரியும், அதற்குள் கனமான திட்டு எது என்றும் தெரியும். அந்தத் திட்டுக்குத்தான் படகு போக வேண்டும்.

ஆனால் கருவிக்கும் கஷ்ட காலம் உண்டு. சித்ரா விபத்து நடந்தது ஆகஸ்டில். மேகம் மூடினால் எண்ணெயைச் சூடாக்க வெயில் ஏது? அடர்ந்த மேகத்தையும் மழையையும் ஊடுருவ இந்தக் கதிராலும் ஆகாது. அப்போது ராடாரின் தயவு வேண்டும். எண்ணெய் படிந்த இடத்தில் சிற்றலை அடங்குவதால் அங்கே ராடார் படம் கறுத்துத் தெரியும். அலை அடித்து எண்ணெயும் நீரும் குழம்பாகிவிட்டாலும் சிக்கல்தான். அந்தக் குழம்பில் பாதிக்கு மேல் தண்ணீரே இருக்கக்கூடும் என்பதால் அதன் சூடும் கடலின் சூட்டோடு ஒத்துப்போய்விடும்.

நம் நாட்டில் கடலில் எண்ணெய் கொட்டினால் முன்னின்று செயல்பட வேண்டியது கடலோரக் காவல் படை. டார்னியர் விமானங்கள் அவர்களிடம் உண்டு. மாசு அகற்றுவதற்கென்றே கட்டிய 'சமுத்ர பிரஹரி' கப்பல் அதே 2010-இல் பணியில் சேர்ந்தது.

இருந்தும் 2017 ஜனவரி 28-இல் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரு கப்பல்கள் மோதியபோது நடந்ததை மறக்க முடியாது. முதலில் சிறு கசிவு என்றே பேச்சு. பிறகு எர்ணாவூர் கரையில் தார் போலக் கெட்டியாக வந்து ஒதுங்கியது. மாணவர்களும் தொழிலாளர்களும் மீனவர்களும் பக்கெட்டில் அள்ளினார்கள். கையுறை இல்லாமல் அள்ளியவர்களும் உண்டு. கரைக்கு வந்த பிறகு எந்தக் காமிராவும் வேண்டியதில்லை. கடலில் இருக்கும் அந்தச் சில மணி நேரம்தான் கருவிக்கு வேலை.

இவ்வளவையும் சொல்லி முடித்ததும் திருநெல்வேலி நண்பர் விடவில்லை. "அப்போ நம்ம ஷெட்டு குட்டையை அந்தக் காமிராவுல பார்த்தா என்ன தெரியும்?"

"வெறும் தண்ணீர்தான் தெரியும்" என்றேன்.