நொண்டிய குதிரை மீண்டும் நெடுவழி செல்லுமா?

குதிரைப் பந்தயம் என்றதும் நம்மவர் மனத்திலே தோன்றுவன வட்டமான புற்றரையும், இரண்டு மூன்று நிமிடங்களில் முடிந்துவிடும் ஓட்டமும், பணத்தைத் தோற்றவரின் முகமுமே. ஆனால் விடியுமுன் புறப்பட்டு, மலையேறிப் பள்ளத்தாக்கில் இறங்கி, ஆறு கடந்து, நள்ளிரவு தாண்டியும் தொடர்கின்ற குதிரைச் சவாரியும் உலகில் உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலே, தாஹோ ஏரிப் பக்கமிருந்து ஓபேண் என்னும் ஊர்வரை 100 மைலை 24 மணி நேரத்துள் கடக்கும் 'தெவிஸ் கிண்ண'ச் சவாரியை 1955ஆம் ஆண்டிலே வெண்டெல் றொபி என்பவர் நண்பர் சிலருடன் தொடக்கி வைத்தார். இக்கால நெடுந்தூரச் சவாரிகளுக்கு அதுவே முன்மாதிரியாயிற்று.

அங்கே பணப்பரிசு கிடையாது. உரிய நேரத்துள் முடிப்பவர்க்கு இடுப்புப் பட்டியில் அணியும் வெள்ளிப் பக்கிள் ஒன்று கிடைக்கும், அவ்வளவே. ஆயினும் அதனைப் பெறுதல் எளிதன்று. வழிநெடுகிலும் மிருக வைத்தியர்கள் நிற்பர். அவர்கள் குதிரையின் நாடித்துடிப்பை எண்ணுவர். ஈறின் நிறத்தைப் பார்ப்பர். வயிற்றிலே காதுகொடுத்துக் குடலின் ஓசையைக் கேட்பர். பின்னர் நேர்கோட்டில் ஓடவிட்டு நடையைக் கவனிப்பர். முன்காலில் நோவுள்ள குதிரை அக்காலை ஊன்றும்போது தலையை மேலே தூக்கும். அந்தச் சிறு அசைவு தெரிந்தாற் போதும், சவாரி முடிந்தது. புறப்படுவனவற்றுள் ஏறக்குறையப் பாதியே எல்லையைக் காண்கின்றன.

இங்கே ஒரு வேடிக்கையும் சொல்லவேண்டும். 1973ஆம் ஆண்டுச் சவாரியிலே கோர்டன் ஏன்ஸ்லி என்பவரின் குதிரை வழியில் நொண்டிவிட்டது. அடுத்த ஆண்டு அவர் குதிரையே இல்லாமல் அதே பாதையைத் தம் இரு கால்களால் ஓடி, 23 மணி 42 நிமிடத்தில் முடித்தார்! இன்று மனிதர் ஓடும் புகழ்பெற்ற 100 மைல் ஓட்டம் அதிலிருந்தே பிறந்தது. ஓடிய மனிதனை உலகம் அறியும். நொண்டிய குதிரைகள் பின்னர் என்ன ஆகின்றன என்பதையே நாம் இங்கு விசாரிக்கப் புகுந்தோம்.

குதிரையின் கால் விந்தையானது. அது ஒவ்வொரு காலிலும் ஒரேயொரு விரலின் நுனியிலே நிற்கின்றது; குளம்பு என நாம் அழைப்பது அவ்விரலின் நகமே. முன்காலின் முழங்காலுக்குக் கீழே தசை என்பது இல்லை. எலும்பும் அதன் பின்புறம் ஓடும் தசைநாண்களுமே உண்டு. உடலின் பாரமெல்லாம் அந்த நாண்களில் விழுந்து, அவற்றை இழுத்து, மீண்டும் உந்துகின்றது. குதிரை பாய்ந்தோடுகையில் நாணின் உட்புறம் 45 பாகை செல்சியஸ் வரையிற் சூடேறுவதுண்டு. களைத்த குதிரை மணலிலோ பள்ளத்திலோ கால் புதைய ஓடினால் நாணின் இழைகள் அறுகின்றன. காலின் பின்புறம் வீங்கி வளைந்து தோன்றும். ஆங்கிலேயர் இதனை 'வில்லாக வளைந்த நாண்' என்பர். நாண் என்றாலே வில்லை நினைக்கும் நமக்கு இச்சொல் புதுமையாகத் தோன்றாது.

முதற் சில நாட்கள் வீக்கத்தைத் தணிப்பதிலேயே கழியும். நாளுக்குப் பலமுறை, ஒவ்வொரு முறையும் இருபது நிமிடம்வரை, காலிலே குளிர்ந்த நீரை ஓடவிடுவர்; கட்டுப்போடுவர்; வைத்தியர் மருந்து கொடுப்பார். குதிரை லாயத்தில் அடைபட்டிருக்கும். தானியத்தைக் குறைத்து உலர்புல்லையே பெரிதும் கொடுத்தல் வேண்டும். உழைப்பு நின்ற உடலுக்குப் பழைய உணவு வயிற்று நோவைத் தரும். தனிமையைத் தாங்காத பிராணியாதலின், பக்கத்திலே ஒரு மட்டக்குதிரையையோ ஆட்டையோ கட்டிவைப்பதும் வழக்கம். ஆடு நல்ல தாதி என்று சொன்னாற் சிரிக்கவேண்டாம். தோழமை கிடைத்த குதிரை சுவரை உதைப்பதை நிறுத்திவிடும்.

சில வாரங்களில் வீக்கம் வடியும், நொண்டலும் மறையும். உண்மையான ஆபத்து தொடங்குவது அப்போதுதான். வெளியே கால் நன்றாயிருக்க, உள்ளே அறுந்த இடத்தைப் புதிய இழைகள் நிரப்பியிருக்கும். அவையோ பிரித்துப்போட்ட தும்புபோலத் தாறுமாறாய்க் கிடக்கும், முறுக்கிய கயிறாயிரா. இழுவிசை ஒரே திசையில், சிறிது சிறிதாக, நாள்தோறும் கிடைத்தாலன்றி அவை ஒழுங்குபட்டு வலிமை பெறமாட்டா. ஆகவே ஓடவிட்டாலும் கேடு. அசையாமல் வைத்திருந்தாலும் கேடு.

முன்னாளிலே பழுக்கக் காய்ச்சிய இரும்பினாற் காலிற் சூடுபோட்டு வந்தனர். நூற்றாண்டுகளாக நடந்த இக்கொடுமையினால் நாண் ஆறுவதில்லை என்பதை இங்கிலாந்தின் பிறிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர் 1983இல் எடுத்துக் காட்டினர். சூட்டுப்புண் ஆறும்வரை குதிரைக்குக் கிடைத்த கட்டாய ஓய்வே அக்குதிரைகளுக்கு உதவியிருக்கும் என்பது நம் எண்ணம். இன்று ஸ்கான் கருவியினால் நாணின் உட்புறத்தையே பார்க்கின்றனர். அறுந்த இடம் படத்தில் இருண்ட துளையாகத் தெரியும். எலும்பு மச்சையிலிருந்து எடுத்த உயிரணுக்களை அத்துளையில் ஏற்றும் முறையும் வந்துள்ளது. எத்தனை முறை வந்தாலும் நடைப்பயிற்சிக்கு மாற்று வரவில்லை.

அந்தப் பயிற்சியின் அளவைக் கேட்டால் வியப்பாயிருக்கும். நூறு மைல் சென்ற குதிரையைக் கையிற் பிடித்து, முதலில் ஐந்து அல்லது பத்து நிமிடம் மட்டும், கெட்டியான சமதரையிலே நடத்துவர். பின் வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டுவர். சிறு வட்டத்திற் சுழற்றலாகாது. சேற்றிலும் ஆழ்மணலிலும் விடலாகாது. இரண்டு மூன்று மாதமளவில் ஒருவர் ஏறி நடத்தலாம். நான்காம் மாதமளவில் மெல்லோட்டம், அதுவும் ஐந்து நிமிடம். பாய்ச்சலுக்கு ஆறேழு மாதம் செல்லும். ஒவ்வொரு படியிலும் ஸ்கான் எடுத்து, படம் இடங்கொடாவிடின் முன்னைய படிக்கே திரும்புவர். முழுச் சவாரிக்கு ஒன்பது மாதம் முதல் ஓராண்டு, சிலவற்றுக்கு அதற்கு மேலும் ஆகும்.

இந்த மாதங்களிலே மிகுதியும் சோதிக்கப்படுபவர் சவாரி செய்பவரே. குதிரையின் இதயமும் தசையும் சில வாரப் பயிற்சியிற் பழைய நிலைக்கு வந்துவிடும்; நாணும் எலும்பும் வெகு பின்னே வரும். குதிரையோ துள்ளுகின்றது, முன்னங்கால் தூக்கிக் கடிவாளத்தை இழுக்கின்றது. 'இத்தனை உற்சாகமாயிருக்கின்றதே, ஒருநாள் ஓடவிட்டால் என்ன?' என்று உரியவருக்குத் தோன்றும். அந்த ஒருநாளில் மீண்டும் அறுந்த நாண்கள் பல. அதனாலேயே, துள்ளும் குதிரைக்கு முதல் நடைநாட்களில் வைத்தியர் சிறிது மயக்கமருந்து கொடுப்பதும் உண்டு.

எல்லாக் குதிரைகளும் பழைய வழிக்குத் திரும்புவதில்லை. நாண் ஆறியும் முன்னைய நெகிழ்ச்சி வராதவை சிறுவர்க்குச் சவாரி பழக்கவும், அண்மையான பாதைகளிலே மெல்ல நடக்கவும் பயன்படுகின்றன. அதைத் தோல்வி என்று நாம் கருதவில்லை. உழைத்த பிராணிக்கு அது தகுந்த வாழ்வே.

திரும்பி வருவனவற்றையும் எடுத்தவுடன் நூறு மைலுக்கு அனுப்புவதில்லை. இருபத்தைந்து மைல், பின் ஐம்பது மைல் என்று கூட்டிச் செல்வர். சவாரி முடிந்து, வைத்தியரும் நடை நன்று என்று சொல்லி, குதிரையும் உறங்கிவிடும். அடுத்த நாள் விடியலிலே உரியவர் லாயத்துக்கு வந்து, குனிந்து, ஆறிய காலையும் மற்றக் காலையும் மாறிமாறித் தொட்டுப் பார்ப்பார். இரண்டிலும் சூடு ஒன்றாயிருந்தால்தான் அவருக்குக் காலையுணவு இறங்கும்.