பழத்தைச் சுற்றிய தண்டு

இத்தாலியின் சிசிலித் தீவில் சப்பாத்திக்கள்ளிப் பழத்தை உரித்துத் தின்றதும் தோலைத் தூக்கி எறியாத வீடுகள் உண்டு. முள் இருந்த புள்ளிகளோடு மேல்தோலை மெல்லிசாகச் சீவிவிட்டு, மிஞ்சும் சதைப்பற்றான பட்டையைக் கொஞ்ச நேரம் வேகவைக்கிறார்கள். பிறகு அடித்த முட்டையில் தோய்த்து, ரொட்டித் தூளில் பிரட்டி எண்ணெயில் பொரிக்கிறார்கள். இல்லாமையில் பிறந்த பலகாரம் அது. அந்த ஏழைக் குடும்பங்கள் வீணாக்காமல் வைத்துக்கொண்டதன் அருமையை இப்போதுதான் ஆய்வுக்கூடங்கள் அளந்து சொல்கின்றன.

கள்ளிப் பழத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை தோல்தான். அதைத் தோல் என்று சொல்வதுகூட ஒரு வசதிக்காகத்தான். மாம்பழத் தோல் பூவின் சூலகச் சுவரிலிருந்து வருவது. கள்ளியில் சூலகம் தண்டுக்குள் புதைந்து கிடக்கிறது. அந்தத் தண்டுப் பகுதியே பருத்து, பழத்தைச் சுற்றிப் போர்வையாகிறது. தட்டையான மடலில் எப்படி வரிசையாக முள் புள்ளிகள் இருக்கின்றனவோ, அதே போலப் பழத்தின் மேலும் இருப்பது இதனால்தான். சப்பாத்திக்கள்ளியின் காயைப் பறித்து மண்ணில் வைத்தால், அந்தப் புள்ளிகளிலிருந்து புது மடல் துளிர்க்கும். அடியில் வேரும் விடும். மாம்பழத் தோலிடம் இதை எதிர்பார்க்க முடியாது.

இதைத் தெரிந்துகொண்டால் சத்துக் கணக்கும் விளங்கிவிடும். மெக்சிகோவில் கள்ளியின் இளமடலைக் காய்கறியாகச் சமைப்பது அன்றாட வழக்கம். அந்த மடலில் இருக்கும் நார்ச்சத்து, கால்சியம், மக்னீசியம், வெண்டைக்காயை நினைவூட்டும் கொழகொழப்பு எல்லாம் பழத்தோலிலும் இருக்கின்றன. சர்க்கரை சதையில் கூடுதல். நாரும் தாது உப்புகளும் தோலில் கூடுதல். கொழகொழப்பு தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும் சர்க்கரைச் சங்கிலி. வறண்ட நிலத்தில் செடி உயிர் பிழைக்க அது வேண்டும். நம் குடலுக்குள் போனால் கரையும் நாராக வேலை செய்கிறது.

அடுத்தது நிறம். கடையில் கிடைக்கும் டிராகன் பழமும் கள்ளி இனம்தான். அதன் செதில் வைத்த தோலும் தண்டிலிருந்து உருவானதே. வெள்ளைச் சதை உள்ள பழத்தை நறுக்கிப் பாருங்கள். கறுப்பு எள் தூவிய வெண்ணெய் போல உள்ளே இருக்கும். வெளியே அடர்ந்த இளஞ்சிவப்பு. தோலைக் கையால் கசக்கினால் விரலெல்லாம் அந்தச் சாயம் ஏறும். சாயம் முழுக்கக் குப்பைக் கூடைக்குப் போகிற பகுதியில் இருக்கிறது.

அந்தச் சாயத்துக்கு பீட்டாலைன் என்று பெயர். பீட்ரூட், சிவப்புத் தண்டுக்கீரை, காகிதப்பூ ஆகியவற்றின் நிறமும் இதுவே. நாவல் பழத்துக்கும் கத்தரிக்காய்த் தோலுக்கும் நிறம் தரும் ஆந்தோசயனின் வேறு வகை. ஒரே செடி இரண்டையும் தயாரிப்பதில்லை என்பது தாவரவியலின் அழகான புதிர்களில் ஒன்று. சிவப்புச் சதை டிராகன் பழத்தைத் தைவான் ஆய்வாளர்கள் அளந்து 2006இல் வெளியிட்ட கணக்கில், 100 கிராம் சதையில் சிவப்பு பீட்டாலைன் 10.3 மில்லிகிராம், தோலில் 13.8 மில்லிகிராம். உள்ளும் சிவந்த பழத்திலேயே தோல்தான் முந்துகிறது.

நிறம் தருவதோடு பீட்டாலைனுக்கு இன்னொரு வேலையும் உண்டு. உடலுக்குள் ஆக்சிஜன் வேலை செய்யும்போது, ஓர் எலக்ட்ரான் குறைந்த மூலக்கூறுகள் உண்டாகின்றன. அவை பக்கத்தில் உள்ள கொழுப்பிலிருந்தும் புரதத்திலிருந்தும் எலக்ட்ரானைப் பிடுங்கிச் சேதம் செய்கின்றன. பீட்டாலைன் தன்னிடமிருந்து ஓர் எலக்ட்ரானைக் கொடுத்து அந்தச் சேதத்தைத் தடுக்கிறது. சோதனைக் குழாயில் இது ஐயத்துக்கு இடமின்றித் தெரிகிறது. மனித உடலிலும் நடக்குமா? சிசிலியின் பலேர்மோ நகரில் 18 பேருக்கு இரண்டு வாரம், நாளுக்கு இரு வேளை 250 கிராம் கள்ளிப் பழச் சதை கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2004இல் வெளியானது. ஆக்சிஜனேற்றச் சேதத்தின் அடையாளங்கள் இரத்தத்தில் குறைந்தன. அதே அளவு வைட்டமின் சி மட்டும் கொடுத்தபோது அப்படிக் குறையவில்லை. ஆனால் அது சதை, தோல் அல்ல. ஆகவே ‘புற்றுநோய்க்கு மருந்து’ என்று கைப்பேசியில் வரும் செய்திகளை நம்பிவிடாதீர்கள். நோயாளியின் நம்பிக்கையோடு விளையாடுவது பெரிய தீங்கு. தோல் ஒரு நல்ல உணவுப் பொருள். இன்றைக்கு அவ்வளவுதான் துணிந்து சொல்லலாம்.

நம் வேலியோரத்துச் சப்பாத்திக்கள்ளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததே. தென்னிந்தியாவில் தறிகெட்டுப் பரவி வயல்களை விழுங்கியபோது, 1926இல் இலங்கையிலிருந்து ஒரு பூச்சியைக் கொண்டுவந்து விட்டார்கள். அது சாற்றை உறிஞ்சியே புதர் புதராகக் காயவைத்தது. பூச்சிக்குத் தப்பிய செடிகளின் பழத்தைத்தான் பிள்ளைகள் மண்ணில் தேய்த்து முள் போக்கித் தின்கிறார்கள்.

டிராகன் பழத் தோலை வீட்டில் பயன்படுத்த விரும்புவோர் நன்றாகக் கழுவி, செதில்களின் நுனியையும் மேல் படலத்தையும் சீவிவிட்டு, உள்பட்டையைப் பொடியாக நறுக்கிப் பொரியலிலோ துவையலிலோ சேர்க்கலாம். அதிக நேரம் கொதித்தால் பீட்டாலைன் சிதைந்து நிறம் மங்கும். அடுப்பிலிருந்து இறக்குவதற்குச் சற்று முன் போட்டு, எலுமிச்சைச் சாறு சில சொட்டு விட்டால் நிறம் நிற்கும். கள்ளி இனங்களில் ஆக்சலேட் உப்பு உண்டு. சிறுநீரகக் கல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். வேலிக் கள்ளிப் பழமானால், கண்ணுக்கு எளிதில் தெரியாத நுண்முள் ஒன்றுகூட மிச்சமில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே வாயில் வையுங்கள்.