பிஞ்சு மனசைச் சூளையில் போடாதீர்கள்!

பரீட்சை நெருங்கினால் உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது? டி.வி.க்குப் பூட்டு. செல்போன் பீரோவுக்குள். காலையில் காபி டம்ளரோடு "எதிர்வீட்டுப் பையன் நாலு மணிக்கே எழுந்து படிக்கிறானாம்" என்ற அர்ச்சனை ஆரம்பம். நாலாவது நாள் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறது. சாப்பாடு இறங்கவில்லை. ராத்திரி தூக்கமில்லை. "படிக்கச் சொன்னா மட்டும் வயித்த வலிக்குமோ? எல்லாம் நடிப்பு!" என்று அப்பா ஒரு அதட்டல் போடுகிறார்.

நடிப்பு இல்லை, சார். வலி நிஜம்தான். மூளையும் ஹார்மோன்களும் சேர்ந்து எழுப்புகிற அபாயச் சங்கு அது. ஒருநாள் ஊதி ஓய்ந்தால் ஆபத்தில்லை. மாதக்கணக்கில் ஊதிக்கொண்டே இருந்தால்தான் வினை!

ஈரப் பொம்மையும் சூளையும்

கடலூர் மாவட்டத்து விருத்தாசலத்துக்குப் போயிருக்கிறீர்களா? விருத்தகிரீஸ்வரர் கோயிலுக்கு அடுத்தபடி அந்த ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தது செராமிக் தொழில். பீங்கான் பொம்மைகள் அங்கே ரொம்பப் பிரசித்தம். களிமண் வேலை தெரிந்த யாருக்கும் ஒரு விஷயம் அத்துப்படி. அச்சிலிருந்து எடுத்த ஈரப் பொம்மையை அப்படியே சூளையில் வைத்து நெருப்பைக் கூட்டினால், உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி, பொம்மை வெடித்துச் சிதறிவிடும். நன்றாக உலர விட்டு, மெல்ல மெல்லச் சூடேற்றினால் அதே மண் கல்லாக உறுதிப்படும். சூடே காட்டாவிட்டாலும் பிரயோஜனமில்லை. தண்ணீர் பட்டால் கரைந்துவிடும்!

டென்ஷனும் அப்படித்தான். கொஞ்சம் வேண்டும். எப்போது, எவ்வளவு, எத்தனை நாள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

தொப்பி மாதிரி ஒரு சுரப்பி

பயமோ பதற்றமோ வந்ததும் மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைபோதலாமஸ் ஓர் உத்தரவு போடுகிறது. அதைப் பிட்யூட்டரி சுரப்பி வாங்கி ரத்தத்தின் வழியே கீழே அனுப்புகிறது. சிறுநீரகங்களின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் 'கார்ட்டிசால்' என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. உடம்பு ஓடவோ எதிர்க்கவோ தயாராகிறது.

கார்ட்டிசால் கெட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அது இல்லாமல் உயிர் வாழவே முடியாது. தினமும் விடிகாலையில் அது உயர்வதால்தான் சுறுசுறுப்பாக எழுந்திருக்கிறோம்.

வேலை முடிந்ததும் "போதும், நிறுத்து" என்று சொல்ல ஆள் வேண்டுமே? அந்த வேலையில் பெரும் பங்கு மூளையின் ஹிப்போகேம்பஸ் பகுதிக்கு உண்டு. படித்ததை ஞாபகத்தில் ஏற்றும் இடமும் அதுதான்! கார்ட்டிசால் வகை ஹார்மோன் அங்கேதான் போய்த் தங்குகிறது என்பதை 1968-ல் அமெரிக்க விஞ்ஞானி புரூஸ் மெக்யூவன் எலிகளில் கண்டுபிடித்தார். டென்ஷன் ஹார்மோனும் ஞாபக சக்தியும் ஒரே வீட்டில் குடியிருப்பது அப்போதுதான் தெரியவந்தது.

பெங்களூர் மாணவர்கள் பார்த்தது என்ன?

அந்த ஹார்மோன் ஓயாமல் வந்து மோதினால் மூளை என்ன ஆகும்? இதற்கு முக்கியமான ஒரு பதில் நமக்குப் பக்கத்திலேயே, பெங்களூரிலுள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்திலிருந்து கிடைத்தது. பேராசிரியர் சுமந்த்ரா சட்டர்ஜியின் ஆய்வகத்தில், அப்போது ஆராய்ச்சி மாணவர்களாக இருந்த அஜய் வியாஸ், ரூப்ஷி மித்ரா ஆகியோர் நிம்ஹான்ஸ் விஞ்ஞானி சங்கரநாராயண ராவுடன் சேர்ந்து செய்த வேலை அது. 2002-ல் வெளியானது.

எலிகளைத் தினமும் 2 மணி நேரம் அசையவிடாமல் வைத்தார்கள். இப்படி 10 நாள். பிறகு மூளையை மெல்லிய சீவல்களாக வெட்டி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் ஒவ்வொரு நரம்பு செல்லின் கிளைகளையும் அளந்தார்கள். நரம்பு செல் ஒரு சின்ன மரம் மாதிரி. கிளைகள்தான் மற்ற செல்களிடமிருந்து சேதி வாங்குகின்றன.

ஞாபகத்துக்கான ஹிப்போகேம்பஸில் கிளைகள் சுருங்கியிருந்தன. ஆனால் பயத்துக்கான 'அமிக்டலா' பகுதியில் கிளைகள் செழித்து வளர்ந்திருந்தன! ஒரே டென்ஷன், ஒரு இடத்தில் வாடல், இன்னொரு இடத்தில் வளர்ச்சி. படித்தது மறக்கிறது, பயம் மட்டும் மறப்பதில்லை என்று பிள்ளைகள் தவிப்பதற்கு இதில் ஒரு விளக்கம் இருக்கிறதோ?

அதோடு விடவில்லை. எலிகளை 21 நாள் நிம்மதியாக இருக்கவிட்டுப் பார்த்தார்கள். ஹிப்போகேம்பஸ் பழையபடி தேறிவிட்டது. அமிக்டலா தேறவில்லை. பதற்றமும் குறையவில்லை. இது 2004-ல் வெளிவந்தது. அடுத்த வருடம் இன்னொரு ஆச்சரியம். ஒரே ஒரு தடவை, 2 மணி நேரம் மட்டும் அவதிப்பட்ட எலிகளில் மறுநாள் மாற்றம் எதுவும் தெரியவில்லை. 10 நாள் கழித்துப் பார்த்தால் அமிக்டலாவில் புதிய இணைப்பு முட்கள் முளைத்திருந்தன. கூடவே பதற்றமும்!

"ஒரு அடிதானே அடிச்சேன், மறுநாளே சிரிச்சிக்கிட்டு ஓடுறானே" என்று சொல்கிறோமே... யோசிக்க வேண்டிய விஷயம். எலி வேறு, குழந்தை வேறுதான். ஆனால் ஹிப்போகேம்பஸும் அமிக்டலாவும் இரண்டுக்கும் உண்டு.

தாயின் நாக்கும் தாயின் மடியும்

கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மீனி குழுவினர் 1997-ல் சொன்னது இன்னும் சுவாரஸ்யம். குட்டிகளை நிறைய நக்கிக்கொடுக்கும் தாய் எலியிடம் வளர்ந்தவை, பெரிதான பிறகு டென்ஷன் வந்தாலும் ஹார்மோனைக் குறைவாகவே சுரந்தன. பிறவிக் குணமோ? அதையும் சோதித்தார்கள். அக்கறை குறைந்த தாயின் குட்டிகளை அக்கறையான தாயிடம் மாற்றிவிட்டார்கள். அந்தக் குட்டிகளும் நிதானமாகவே வளர்ந்தன!

மனிதக் குழந்தைகள் விஷயத்தில்? ருமேனியாவின் விடுதிகளில் கைவிடப்பட்டிருந்த குழந்தைகளை 2000-லிருந்து வளர்ப்புக் குடும்பங்களிடம் சேர்த்துப் பார்த்தார்கள். அறிவு வளர்ச்சி நன்றாகத் தேறியது. அதிலும் 2 வயதுக்கு முன்பே மடி கிடைத்த குழந்தைகள் இன்னும் நன்றாகத் தேறின.

சுட்ட மண் அல்ல!

பச்சை மண்ணும் சுட்ட மண்ணும் ஒட்டாது என்பார்கள். 'ஐயையோ, என் பிள்ளைக்கு வயசு பதினைந்தாகிவிட்டதே' என்று கலங்க வேண்டாம். சுட்ட பொம்மை மறுபடி மண்ணாகாது. மூளை அப்படியில்லை. திட்டமிடுவது, கோபத்தை அடக்குவது போன்ற வேலைகளைப் பார்க்கும் முன்மூளை 20 வயது தாண்டியும் முதிர்ந்துகொண்டுதான் இருக்கிறது. பெங்களூர் நிம்ஹான்ஸில் 2009-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், டென்ஷனால் கற்கும் திறன் குறைந்த எலிகளைப் பெரிய கூண்டில், கூட்டாளிகளோடும் விளையாட்டுச் சாமான்களோடும் விட்டார்கள். கற்கும் திறன் திரும்பியது. ஹிப்போகேம்பஸில் புதிய செல்கள் உருவாவதும் சீரானது. மருந்து மாத்திரை எதுவும் இல்லை. கூட்டும் விளையாட்டும்தான்!

நீங்கள் செய்ய வேண்டியது

* தூக்கத்தில் கை வைக்காதீர்கள். 6 முதல் 12 வயதுவரை 9 மணி நேரமாவது வேண்டும். அதற்கு மேல் 18 வயதுவரை குறைந்தது 8 மணி நேரம்.

* பரீட்சை நாளிலும் விளையாட்டுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அது வீண் நேரம் இல்லை.

* சாப்பாட்டு நேரத்தில் மார்க் பேச்சு வேண்டாம்.

* அடி, ஒப்பீடு, "செத்துப் போ" போன்ற வார்த்தைகள் மூன்றும் கூடவே கூடாது.

* சின்னச் சின்னப் பொறுப்புகளைக் கொடுங்கள். கடைக்கு அனுப்புங்கள், மேடையேற்றுங்கள். தோற்றால் பக்கத்தில் இருங்கள். இதுதான் மெல்லச் சூடேற்றுவது.

* கர்ப்பிணி வீட்டில் இருந்தால் அவர் மனசு நோகாமல் பார்த்துக்கொள்வது மாமியார், கணவர் உட்பட எல்லோருடைய பொறுப்பும்தான்.

தூக்கமின்மை, வயிற்றுவலி, எரிச்சல், யாரோடும் பேசாமல் ஒதுங்குவது இவையெல்லாம் 2 வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். "நான் இருந்து என்ன பிரயோஜனம்?" என்கிற மாதிரிப் பேச்சு வந்தால் ஒரு நாளும் தள்ளிப் போடாதீர்கள். பிள்ளையைத் தனியே விடாதீர்கள். 14416 என்ற எண்ணில் அரசின் 'டெலி மானஸ்' சேவை 24 மணி நேரமும் இலவசமாகக் கிடைக்கிறது. தமிழிலேயே பேசலாம். 'நாலு பேர் என்ன நினைப்பாங்க' என்ற கவலையும் வேண்டாம். காய்ச்சலுக்கு டாக்டரைப் பார்ப்பதற்கு யாராவது வெட்கப்படுகிறோமா என்ன?