சுற்றுலா கிளம்பும் முன் ஓர் எக்செல் ஷீட்

எக்செல் என்றாலே கடைக் கணக்கு எழுதத்தான் எனப் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர் நினைக்கின்றனர். தூத்துக்குடியில் இருக்கும் நான் அதைக் குடும்பச் சுற்றுலாவிற்குப் பயன்படுத்துகிறேன். எதை முன்கூட்டியே முடிவு செய்வது, எதை அப்படியே விட்டு வைப்பது என்பதை அது தெளிவாகக் காட்டும்.

திருப்போரூர் அருகே இள்ளலூரில் 2025 டிசம்பரில் வொண்டர்லா பார்க் திறக்கப்பட்டது. அரையாண்டு விடுமுறையில் அங்கே போக வேண்டும் என்பது என் பிள்ளைகளின் ஆசை. ஆனால் டிசம்பர் நமக்கு மழைக்காலம். 2023 டிசம்பர் 17 அன்று திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ், சுமார் 800 பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்தில் சிக்கி நின்றதை நாம் மறக்க முடியாது. ஆகவே திட்டமும் வேண்டும், அதை மாற்ற வழியும் வேண்டும்.

ரயில் தேதி

முதலில் முத்துநகர் எக்ஸ்பிரஸ் டிக்கெட். முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டுவிட்டது. எக்செல் திறந்து ஏ1 செல்லில் பயணத் தேதியை டைப் செய்யுங்கள். ஏ2 செல்லில் சமக்குறி போட்டு, ஏ1 செல்லைக் கிளிக் செய்து, மைனஸ் 60 என டைப் செய்து என்டர் தட்டுங்கள். முன்பதிவு தொடங்கும் தேதி கிடைக்கும். தேதிக்குப் பதில் ஏதோ எண் தெரிந்தால், அந்தச் செல்லில் ரைட் கிளிக் செய்து, பார்மட் செல்ஸ் சென்று, டேட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். முன்பதிவு தளத்தில் உங்கள் கணக்குடன் ஆதாரை இணைக்கும் வேலையை அதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

திரும்பாத பணம்

அடுத்து, கீழே மூன்று காலம் அமையுங்கள்: செலவு, தொகை, பணம் திரும்புமா? ரயில் டிக்கெட், பார்க் டிக்கெட், அறை வாடகை, சாப்பாடு என ஒவ்வொன்றையும் ஒரு வரியில் எழுதுங்கள். ரயிலையே ரத்து செய்தால் இ-டிக்கெட்டிற்கு முழுத் தொகையும் தானாக வந்துவிடும். நாம் ரத்து செய்தால் பிடித்தம் உண்டு. கிளம்பும் நேரம் நெருங்க நெருங்க அது கூடும். பார்க், அறை விதிகளைப் பணம் கட்டும் முன்பே படித்து மூன்றாவது காலத்தை நிரப்புங்கள்.

இப்போது கண்ட்ரோல் கீயை அழுத்தியபடி, 'திரும்பாது' என எழுதிய வரிகளில் உள்ள தொகைகளை மட்டும் கிளிக் செய்யுங்கள். திரையின் அடியில் உள்ள ஸ்டேட்டஸ் பாரில் 'சம்' எனக் கூட்டுத்தொகை தெரியும். மழை வந்தால் உங்கள் கையை விட்டுப் போகும் பணம் அதுதான். அந்த எண் மனதை உறுத்தினால், அறையைச் சற்று அதிக வாடகை கொடுத்தாவது ரத்து செய்யும் வசதியுடன் பதிவு செய்யலாம். இரண்டாவது ஷீட்டில் மாற்றுத் திட்டம் ஒன்றையும் வைத்திருங்கள். ரயில் டிக்கெட் கிடைக்காவிட்டால், மதுரை பரவையில் உள்ள அதிசயம் பார்க்கிற்குக் காலையில் கிளம்பி இரவில் திரும்பிவிடலாம் என்பது என்னுடையது.

பார்க்கிற்குள்

பார்க்கில் செலவிடும் நாளை மணிக்கணக்குப் போட்டு நிரப்ப வேண்டாம். ஆளுக்கு ஒரு ரைடு மட்டும் எழுதச் சொல்லுங்கள். பெரிய ரைடுகளுக்குக் குறைந்தபட்ச உயரம் உண்டு என்பதால், பிள்ளைகளின் உயரத்தை வீட்டிலேயே அளந்து பக்கத்தில் குறியுங்கள். வரிசையில் நின்ற பிறகு "நீ சின்னப் பையன்" எனத் திருப்பி அனுப்பினால் அழுகைதான் மிஞ்சும். தண்ணீர் விளையாட்டுகளுக்குப் பருத்தி ஆடை ஆகாது. நைலான் ஆடைகளையும் பட்டியலில் சேருங்கள். மீதி நேரம் காலியாகவே இருக்கட்டும். அலைக் குளத்தை விட்டு வர மாட்டேன் எனச் சின்னவன் அடம்பிடித்தாலும், பாட்டிக்கு நிழலில் உட்காரத் தோன்றினாலும் அந்த நேரம் உதவும்.

நம் கடலில் 1955 முதல் 1961 வரை நடந்த முத்துக்குளிப்பிலும் இதே முறைதான். முதலில் சிப்பிகளை எடுத்துச் சோதித்துப் பார்த்தே குளிப்பை அறிவிப்பார்கள். ஆனால் அன்றன்று கடலுக்குப் போவதைக் காற்றுதான் முடிவு செய்யும்.

பைலை சேவ் செய்து, ஒரு பிரிண்ட் எடுத்துப் பையில் வையுங்கள். செல்போனில் சார்ஜ் தீர்ந்தாலும் அது கை கொடுக்கும்.