கோட்டுப் பைக்குள் அடங்கிய காமிரா

வெதுருகுப்பம்:

வெதுரு என்றால் தெலுங்கில் மூங்கில். குப்பம் இரண்டு பாஷைக்கும் பொது. சித்தூர் மாவட்டத்து இந்த ஊரிலும் சரி, கார்வேட்டிநகரம், புத்தூர், நகரி பக்கத்து ஊர்களிலும் சரி, பழைய வீடுகளின் கூடத்தில் நிமிர்ந்து பார்த்தால் சுவரில் ஒரு வரிசைப் படங்கள் சாய்ந்து தொங்கும். தமிழ் வீடு, தெலுங்கு வீடு என்ற பேதம் அதில் கிடையாது. திருப்பதி வேங்கடாசலபதிக்குப் பக்கத்தில் தாத்தா நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். கழுத்தில் மாலை. கண்கள் மட்டும் ஏதோ ஒரு மாதிரியாக இருக்கும்.

அந்த வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் காரணம் சொல்வார்கள். படம் எடுத்தபோது தாத்தா உயிரோடு இல்லை. நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்து எடுத்த படம் அது. கண்ணைத் திறந்து வைத்தது ஸ்டூடியோக்காரரின் பிரஷ்!

எழுபது எண்பது வருஷம் வாழ்ந்த மனிதருக்கு உயிரோடிருந்த காலத்தில் ஒரு படம் இல்லாமல் போனதற்குப் பணம் மட்டும் காரணமல்ல. காமிராவும் ஒரு காரணம். அன்றைய தொழில்முறைக் காமிரா ஒரு மரப்பெட்டி. அதற்கு மூன்று கால், ஒரு கறுப்புத் துணி, கண்ணாடித் தகடுகள் அடுக்கிய இன்னொரு பெட்டி. டவுனிலிருந்து வண்டி வைத்துத்தான் கொண்டுவர வேண்டும். வந்த பிறகும் அது போடும் முதல் உத்தரவு, 'அசையாதே!' என்பது. வயலில் ஏர் பிடிப்பவரையும், பேத்தியை மடியில் வைத்துக் கொஞ்சும் பாட்டியையும் அது எங்கே போய்ப் பிடிப்பது?

இந்த நிலைமையை மாற்றியது ஒரு ஜெர்மன் தொழிலாளியின் மூச்சிரைப்பு என்றால் நம்புவது கடினம்.

ஆஸ்துமாக்காரரின் யோசனை

ஆஸ்கார் பார்னாக் 1879இல் பிறந்தவர். ஜெர்மனியில் வெட்ஸ்லார் என்ற ஊரில், மைக்ராஸ்கோப் செய்து பெயர் வாங்கிய லைட்ஸ் கம்பெனியில் 1911இல் வேலைக்குச் சேர்ந்தார். மலைப்பக்கம் நடந்து போய்ப் படம் எடுப்பதில் அவருக்கு ஆசை. ஆஸ்துமா உடம்புக்குத் தகட்டுக் காமிராவின் பாரம் தாங்கவில்லை. பாரத்தைக் குறைக்க வழி தேடினார். வழி சினிமாவிலிருந்து வந்தது.

சினிமாச் சுருளின் அகலம் 35 மில்லிமீட்டர். அதில் ஒரு கட்டம் 18க்கு 24 மில்லிமீட்டர். சினிமாக் காமிராவில் சுருள் மேலிருந்து கீழே ஓடும். பார்னாக் அதைப் படுக்கைவாட்டில் ஓடவிட்டு, இரண்டு கட்டத்தை ஒன்றாக்கினார். 24க்கு 36 ஆயிற்று. சிறிய நெகடிவ், பெரிய பிரிண்ட் என்பது அவர் கணக்கு. முதல் மாதிரியை 1914 வாக்கில் செய்துவிட்டார். அதற்குள் உலக யுத்தம் வந்து வேலையை முடக்கியது. யுத்தத்துக்குப் பிறகும் முதலாளி எர்ன்ஸ்ட் லைட்ஸ் துணிந்து முடிவெடுக்க 1924 ஆயிற்று. மறு வருஷம், 1925இல், லைப்சிக் வசந்தகாலச் சந்தையில் 'லைகா' வெளிவந்தது. லைட்ஸ் காமிரா என்பதன் சுருக்கமே அந்தப் பெயர்.

'விளையாட்டுச் சாமான்' என்று தொழில்காரர்கள் சிலர் அதை ஒதுக்கினார்கள். தகட்டுக் காமிராவின் பெரிய நெகடிவுக்கு முன்னால் தபால்தலை அளவு நெகடிவ் எப்படி எடுபடும் என்பது அவர்கள் வாதம். வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஒரு தூசி விழுந்தாலும் பிரிண்டில் பூசணிக்காயாகத் தெரியும். ஆனால் தகட்டுக்காரர் ஒரு படம் எடுத்து அடுத்த தகட்டை மாட்டுவதற்குள், லைகாக்காரர் ஐந்தாறு படம் எடுத்துவிடுவார். ஒரு ரோலில் 36 படம். காமிரா அரைக்கிலோ சுமார். லென்ஸை உள்ளே தள்ளி மடக்கினால் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு டிராமில் ஏறலாம்.

1932இல் வந்த மாடலில் தூரம் பார்க்கும் கருவியையும் லென்ஸோடு இணைத்தார்கள். சின்னக் கண்ணாடி ஜன்னலில் ஒரே முகம் இரண்டாகத் தெரியும். லென்ஸைத் திருப்பினால் இரண்டும் நகர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதும் போகஸ் சரி. பின்னாளில் பிரபலமான ரிப்ளெக்ஸ் காமிராக்களில் இருப்பதுபோல் உள்ளே எகிறி விழும் கண்ணாடி இதில் இல்லை. அதனால் 'டமார்' சத்தம் இல்லை. மெல்லிய 'சிக்' மட்டுமே. கண்ணாடி எகிறும் அதிர்ச்சியும் இல்லாததால், மங்கல் வெளிச்சத்தில் கொஞ்சம் மெதுவான ஷட்டரிலும் கையில் பிடித்தே எடுக்க முடிந்தது.

மண்ணுக்குள் புதைத்த காமிரா

இந்தக் குட்டிக் காமிராவை உலகம் முழுக்கப் பேச வைத்தவர் பிரெஞ்சுக்காரரான ஹென்றி கார்ட்டியே பிரெஸ்ஸான். 1908இல் பிறந்தவர். 1932இல் மார்சேய் துறைமுகத்தில் முதல் லைகாவை வாங்கினார். பளபளக்கும் இடங்களில் கறுப்பு டேப் ஒட்டினார், யார் கண்ணிலும் படக்கூடாது என்று. பிளாஷ் போட்டுப் படமெடுப்பதில்லை என்பது அவர் விரதம். பெரும்பாலும் ஒரே ஒரு 50 மில்லிமீட்டர் லென்ஸ்தான்.

இரண்டாம் உலக யுத்தத்தில் 1940இல் ஜெர்மானியரிடம் பிடிபடுவதற்கு முன், லைகாவை மண்ணில் புதைத்து வைத்தார். சிறையிலிருந்து இரண்டு தரம் தப்ப முயன்று தோற்று, மூன்றாம் தரம் 1943இல் வெளியேறியவர், அதைத் தோண்டி எடுத்துக்கொண்டார். 1947இல் நண்பர்களோடு 'மாக்னம்' என்ற புகைப்படக்காரர் கூட்டுறவு அமைப்பைத் தொடங்கிவிட்டு, மனைவி ரத்னா மோகினியோடு இந்தியாவுக்கு வந்தார். ரத்னா மோகினி ஜாவாவைச் சேர்ந்த நாட்டியக் கலைஞர்.

1948 ஜனவரி 30 அன்று டில்லி பிர்லா மாளிகையில் காந்திஜியைச் சந்தித்துத் தம் படங்களின் தொகுப்பைக் காட்டினார். சிறிது நேரம் கழித்து காந்திஜி சுட்டுக் கொல்லப்பட்டார். திரும்பி ஓடிவந்த பிரெஸ்ஸான், அந்த இரவில் நேரு வாசற்கதவருகே நின்று மக்களுக்குச் செய்தி சொன்னதையும் மறுநாள் இறுதி ஊர்வலத்தையும் எடுத்த படங்கள் உலகெங்கும் போயின.

காந்திஜிக்குக் காமிராவின் தொந்தரவு புதிதல்ல. அவருடைய உறவுப் பையன் கனு காந்திக்கு ஆசிரமத்தில் படமெடுக்க அனுமதி கொடுத்தபோதே மூன்று நிபந்தனை போட்டவர் அவர். பிளாஷ் கூடாது, 'இப்படி நில்லுங்கள்' என்று சொல்லக்கூடாது, செலவுக்கு ஆசிரமத்தில் காசு கேட்கக்கூடாது. 1946இல் வந்த அமெரிக்கப் புகைப்படக்காரி மார்கரெட் பூர்க்-வைட்டுக்கு மூன்று பிளாஷ் பல்புகள் மட்டுமே அனுமதித்தார்கள். ஈரக்காற்றில் ஒன்று ஒழுங்காக வேலை செய்யவில்லை. இன்னொரு தரம் பிலிமுக்கு முன்னிருந்த மறைப்பை உருவ மறந்துவிட்டார். மூன்றாவதில்தான், ராட்டையும் காந்திஜியுமாக உலகம் அறிந்த அந்தப் படம் விழுந்தது. பெரிய காமிராவோடு பெரியவர்களை நெருங்குவதன் கஷ்டம் அப்படிப்பட்டது.

திருவண்ணாமலையில் ஒரு சித்திரை

காட்பாடி, வேலூர் வழியாகத் திருவண்ணாமலைக்குப் போகும் ரயில் பாதை திருப்பதி, சித்தூர்த் தமிழர்களுக்குப் புதிதல்ல. பௌர்ணமிக்குக் கிரிவலம் போகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஸ்டேஷன்களை ஒப்பிப்பார்கள். 1950இல் அது தென்னிந்திய ரயில்வேயின் மீட்டர் கேஜ் பாதை. சித்தூரும் திருவண்ணாமலையும் அப்போது ஒரே சென்னை ராஜ்யம். 1896 செப்டம்பர் 1ஆம் தேதி, வீட்டுக்குச் சொல்லாமல் மதுரையிலிருந்து கிளம்பிய வேங்கடராமன் என்ற பையன், கையிலிருந்த காசு போதாமல் வழியில் நடந்து, கடுக்கனை அடகு வைத்து, திருக்கோவிலூரில் டிக்கெட் வாங்கித் திருவண்ணாமலையில் வந்து இறங்கியதும் இதே பாதையில்தான். அந்தப் பையனே ரமண மகரிஷி.

1950 ஏப்ரலில் மகரிஷிக்கு உடம்பு மிக மோசம். இடது கையில் வந்த புற்றுக்கட்டிக்கு ஒரு வருஷத்துக்குள் நான்கு ஆபரேஷன் ஆகியிருந்தது. படுக்கையோடு சின்ன அறையில் இருந்தார். அப்போதும் தரிசனத்தை நிறுத்தக் கூடாது என்றதால், ஜனங்கள் வரிசையாக அறை வாசலைக் கடந்து போனார்கள். அந்த நாட்களில் சுமார் இரண்டு வாரமாகத் திருவண்ணாமலையில் தங்கியிருந்தவர் பிரெஸ்ஸான்.

மூன்று கால் பெட்டியும், பிளாஷ் பல்பும், உதவிக்கு இரண்டு ஆளுமாக ஒருவர் அந்த இடத்துக்குப் போயிருந்தால் எப்படி இருந்திருக்கும்? உயிர் ஊசலாடும் ஒருவர் முன்னால் வெளிச்சத்தை வெடிக்க எந்த மனசு வரும்? வந்தாலும் பக்தர்கள் விடுவார்களா? பிரெஸ்ஸான் கையில் இருந்ததோ உள்ளங்கையில் அடங்கும் பொருள். மகரிஷியின் இறுதி நாட்களையும் அன்றைய திருவண்ணாமலையையும் படமாக எடுத்தார்.

ஏப்ரல் 14, வெள்ளிக்கிழமை. வெளியே பக்தர்கள் அருணாசல சிவ என்று பாடிக்கொண்டிருக்க, இரவு 8.47க்கு மூச்சு அடங்கியது. அந்த நேரத்தில் பிரெஸ்ஸான் தாம் தங்கியிருந்த வீட்டு முன்னால் நின்றிருந்தார். தெற்கிலிருந்து ஒளி வால் ஒன்று மெதுவாக வானத்தில் நகர்ந்து அண்ணாமலை உச்சிக்குப் பின்னால் மறைந்ததைக் கண்டதாகச் சொல்லியிருக்கிறார். உடனே கடிகாரத்தைப் பார்த்தார், 8.47. ஆசிரமத்துக்கு ஓடினார். இதை நம்புகிறவர்கள் நம்பட்டும், விண்கல் என்பவர்கள் அப்படியே சொல்லட்டும். ஒரு கண நேரத்தைப் பிடிப்பதில் உலகப் பெயர் வாங்கிய மனிதருக்கும் அந்தக் காட்சி கண்ணோடு நின்றுவிட்டது. அந்த நாளைய பிலிமுக்கு, ராத்திரி ஆகாயத்தில் ஓடும் ஒளி சுலபத்தில் சிக்காது.

(ரயில்வேக்காரர்களுக்கு ஒரு துணுக்கு: சரியாக ஒரு வருஷம் கழித்து, 1951 ஏப்ரல் 14 அன்றுதான் மூன்று ரயில்வேக்களை இணைத்து தெற்கு ரயில்வே உருவாயிற்று.)

அங்கிருந்து பிரெஸ்ஸான் புதுச்சேரி போனார். 1926 முதல் தனிமையில் இருந்த ஸ்ரீ அரவிந்தரைப் படமெடுக்க அனுமதி கிடைப்பது குதிரைக்கொம்பு. ஏப்ரல் 24 தரிசன நாளையொட்டி அனுமதி கிடைத்தது. அரவிந்தரின் அறையில் இருந்த பத்து நிமிஷமும் அவர் கண் இமைக்கவே இல்லை என்று பிரெஸ்ஸான் குறித்து வைத்திருக்கிறார். டிசம்பர் 5ஆம் தேதி அரவிந்தர் காலமானார். அந்த ஏப்ரல் தவறியிருந்தால் அவரது முதுமை முகம் நமக்கு இல்லை.

காசு உள்ளவர் கைக்கு மட்டுமா?

லைகா ஏழை வீட்டுப் பொருள் ஒருநாளும் ஆனதில்லை. 1954இல் வந்த எம்-3 மாடலைப் புகைப்படக்காரர்கள் இன்றும் பெருமூச்சோடு பேசுகிறார்கள். அதன் ஆசைக்குப் பாதிக் காரணம் வேலைப்பாடு, பாதிக் காரணம் கிடைக்காமை என்று சொன்னால் தப்பில்லை. இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் வெளிநாட்டுக் காமிரா என்றால் சிங்கப்பூர், மலேயா, வளைகுடாவிலிருந்து வரும் உறவினரை எதிர்பார்க்க வேண்டும். அல்லது சென்னை பர்மா பஜாரில் பேரம் பேச வேண்டும்.

குமாஸ்தா வீட்டுக்கு வந்தது பெரும்பாலும் பரோடாவில் தயாரான ஆக்பா கிளிக்-3. ரோலுக்கு 12 படம். வெயில் இருந்தால் படம், இல்லாவிட்டால் இருட்டு. கொஞ்சம் வசதி உள்ளவர்களுக்கு யாஷிகா. 1959இல் ஜப்பானில் மைத்தானி என்ற இளைஞர் வடிவமைத்த ஒலிம்பஸ் பென் பாதிக் கட்டத்தில் படமெடுக்கும். 36 ரோலில் 72 படம். கணக்குப் பார்த்துச் செலவு செய்யும் குடும்பத்துக்கென்றே செய்தது போன்ற காமிரா. 1966இல் வெளியான ரோலை-35, சிகரெட் பெட்டியைவிடச் சற்றுப் பெரியது. ஜெர்மன் சரக்கான அதைப் பிறகு சிங்கப்பூரிலேயே தயாரித்தார்கள். பிலிமுக்கு ஊட்டி இருந்தது. 1960இல் தொடங்கி 1967 முதல் உற்பத்தி செய்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் 'இந்து' கறுப்பு வெள்ளை பிலிம், ஸ்டூடியோக்களில் ஓடிய காலம் உண்டு. அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டு, அங்கே வேலை பார்த்தவர்கள் சிதறிப் போனார்கள். அது தனிக் கதை.

இப்போது எல்லார் சட்டைப் பையிலும் போன் இருக்க, பிலிம் காமிராவை யார் சீண்டுவார்கள் என்று தோன்றும். லைகா கம்பெனி 2022இல் எம்-6 பிலிம் காமிராவை மறுபடி தயாரிக்கத் தொடங்கியது, விலை லட்சங்களில். 1990இல் வந்த காண்டாக்ஸ் டி-2 என்ற குட்டிக் காமிராவை இளைஞர்கள் பழைய சந்தையில் போட்டி போட்டு வாங்குகிறார்கள். விசிறிகளின் பைத்தியம் என்று தள்ளிவிடலாம். ஆனால் 36 படம்தான் என்று தெரிந்தால் கை நிதானிக்கும் என்று அவர்கள் சொல்வதைச் சும்மா பேச்சு என்று ஒதுக்க முடியவில்லை.

எம்-3க்குப் பாட்டரி கிடையாது. இன்று கடையில் வாங்கும் ரோல் அதற்குள் அப்படியே பொருந்தும். பழைய ஸ்டூடியோக் கவர்களில் தூங்கும் நெகடிவ்களும் அப்படித்தான்; பூஞ்சை பிடிக்காமல் இருந்தால் இப்போதும் ஸ்கேன் செய்து பிரிண்ட் போடலாம். இடம் அடைக்கிறது என்று எடைக்குப் போடும் முன், கவரைப் பிரித்து வெளிச்சத்தில் ஒரு தரம் தூக்கிப் பார்ப்பது நல்லது. வெள்ளையாகத் தெரியும் தலைமுடி அதில் கறுப்பு. கறுப்பாகத் தெரியும் வேட்டி வெள்ளை.