எண்ணிமப் படங்களும் ஒளித்திருத்தமும்: சில சிந்தனைகள்

பழைய ஆவணங்களையும் நிழற்படங்களையும் கைபேசியினாற் படியெடுத்துப் பேணும் வழக்கம் அண்மைக்காலத்தில் நம்மிடையே பெருகியுள்ளது. 2005ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ‘நூலகம்’ எண்ணிம நூலகம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் எண்ணிம வடிவிற் பாதுகாத்து வருவதை நாம் அறிவோம். இத்தகைய முயற்சிகளின் இன்றியமையாமையை விரித்துரைக்க வேண்டியதில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. 1983 யூலையிலே கொழும்பில் தமிழர் இல்லங்கள் பல தீக்கிரையாயின. உறவினர் வீட்டிலே தப்பிக் கிடக்கும் ஒரு படத்தின் பிரதியே சில குடும்பங்களுக்கு எஞ்சிய ஒரே சான்றாகும். ஆகலின், அப்பிரதி எவ்வாறு உருவாகின்றது என்பதை அறிந்துகொள்ளுதல் நமது கடமையாகின்றது.

கொட்டாஞ்சேனையை எடுத்துக்கொள்வோம். பொன்னம்பலவாணேசுவரர் கோயிலும் புனித லூசியா பேராலயமும் அமைந்த இப்பகுதியிலே வீடுகள் நெருக்கமானவை. முன்வாசல் ஒன்றினாலேயே பகலொளி பெறும் வீடுகள் பல உள. அத்தகைய வீடொன்றில், அயலிலுள்ள கிராண்ட்பாஸ் வீதியிலிருந்து நெடுங்காலம் வெளிவந்த வீரகேசரியின் பழைய இதழை விரித்துப் படமெடுப்போமாயின், வாசற்புறத்துப் பாதி வெளிச்சமாகவும் உட்புறத்துப் பாதி இருண்டும் தோன்றும். கைபேசியோ இக்குறையைத் தானாகவே திருத்த முற்படுகின்றது. அத்திருத்தம் எங்ஙனம் நிகழ்கின்றது, அதனை எவ்வளவுக்கு நம்பலாம் என்னும் இரு வினாக்களே ஈண்டு ஆராயப்படுகின்றன.

எண்ணிமப் படமென்பது படப்புள்ளிகளின் தொகுதி. கறுப்பு வெள்ளைப் படத்திலே ஒவ்வொரு புள்ளியும் பெரும்பாலும் 0 முதல் 255 வரையான ஓர் எண்ணாற் குறிக்கப்படும். 0 முழு இருள்; 255 முழு வெண்மை. இவ்வெண்கள் ஒளியின் அளவுக்கு நேர்விகிதசமமானவை எனக் கொள்வோம். மேற்கூறிய பத்திரிகைத் தாளில், வாசற்புறத்துத் தாள் 220 எனவும் மை 90 எனவும் பதிவாகின்றன; உட்புறத்துத் தாள் 85 எனவும் மை 35 எனவும் பதிவாகின்றன என வைப்போம். இங்கு ஒரு விந்தை உண்டு. வெளிச்சத்திலுள்ள மை நிழலிலுள்ள தாளைவிட வெண்மையாக உள்ளது! எனவே, 128ஐ எல்லையாகக் கொண்டு தாளையும் மையையும் பிரிக்க முயன்றால் நிழற்பாதி முழுவதும் கறுத்துவிடும். 60ஐ எல்லையாகக் கொண்டாலோ வெளிச்சப் பாதியின் எழுத்துக்கள் மறைந்துவிடும். படத்தின் எண்களைக்கொண்டு தகுந்த எல்லையைத் தானே தெரிவுசெய்யும் முறையொன்றை யப்பானிய அறிஞர் ஒற்சு 1979இல் வகுத்தளித்தார். எனினும், முழுப்படத்துக்கும் ஒரே எல்லை என்னும் நிலை தொடரும்வரை இச்சிக்கல் தீராது.

விகிதத்தை நோக்கினால் வழி புலப்படும். 90ஐ 220ஆல் வகுத்தாலும், 35ஐ 85ஆல் வகுத்தாலும் ஏறத்தாழ 0.41 கிடைக்கின்றது. ஒளி மாறினும் மைக்கும் தாளுக்குமுள்ள உறவு மாறவில்லை. பதிவாகும் எண், பொருளின்மீது விழும் ஒளி, அப்பொருள் ஒளியைத் திருப்பியனுப்பும் தன்மை ஆகிய இரண்டினதும் பெருக்கமாதலே இதற்குக் காரணம். இக்கருத்தை அடிப்படையாகக் கொண்டு, மனிதக் கண் நிறங்களை உணரும் முறையை விளக்கிய எட்வின் லாண்ட், தமது கொள்கைக்கு ‘றெட்டினெக்ஸ்’ எனப் பெயரிட்டார். 1971இல் மக்கானுடன் இணைந்து அதனை விரிவாக வெளியிட்டார். தன்னியக்க ஒளித்திருத்த முறைகள் பல இதன்வழி வந்தவையே.

ஆயினும், கணினிக்குத் தெரிவது பெருக்கம் மட்டுமே. பெருக்கப்பட்ட இரண்டையும் அது தனித்தனியே அறியாது. ஆகவே அது ஓர் ஊகத்தை மேற்கொள்கின்றது: ஒளி மெல்ல மெல்ல மாறும், பொருளின் நிறமோ சட்டென மாறும். அயற்புள்ளிகளின் சராசரியை ஒளியெனக் கருதி அதனால் வகுத்துவிடுகின்றது. அச்சுத்தாளுக்கு இவ்வூகம் பெரிதும் பொருந்தும். எனினும் அங்கும் இடருண்டு. இருண்ட பகுதியைப் பெருக்கும்போது கமராவின் உணரி தோற்றுவிக்கும் மணிமணியான இரைச்சலும் பெருகும். அதனைத் துடைக்கும் முறைகள் சிறு புள்ளிகளையெல்லாம் மாசெனக் கருதுவன. தமிழிலோ புள்ளி மாசன்று, எழுத்தின் உறுப்பு. ‘பல்’ என்பது ‘பல’ ஆகிவிடின் பொருளே வேறாகும்.

இதனினும் பாரதூரமானது மனித முகம் பற்றிய வினா. ஒளிக்குறைவால் இருண்டதும் இயல்பாகவே கருமையானதும் கணினிக்கு ஒன்றாகவே தோன்றும். முகத்தின் நிறம் எழுத்தைப்போலச் சட்டென மாறுவதன்று, மெல்ல மாறுவது. எனவே கரிய முகத்தை நிழலெனக் கருதி வெளுக்கச் செய்தல் இம்முறைக்கு இயல்பாகின்றது. மாதிரிப் படங்களைக் கற்றுத் திருத்தும் இன்றைய முறைகளோ, அம்மாதிரிகளைத் தெரிந்தோரின் விருப்பையும் சேர்த்தே கற்கின்றன. அவ்விருப்பு வரலாற்றுக்குப் புறம்பானதன்று. கொடாக் நிறுவனம் 1950கள் முதல் வண்ண அச்சிடலைச் சீர்செய்ய வழங்கிய ‘ஷேர்லி’ அட்டைகளில் நெடுங்காலம் வெண்ணிற மாதரின் உருவே அளவுகோலாக விளங்கிற்று. லாண்ட் நிறுவிய பொலறொயிட் நிறுவனத்தின் கருவிகள் தென்னாபிரிக்காவிலே கறுப்பின மக்களை ஒடுக்கிய கடவைப் புத்தகங்களுக்குப் படமெடுக்கப் பயன்பட்டமையை எதிர்த்து, 1970இல் அந்நிறுவனத்தின் ஊழியர்களான கரோலின் ஹண்டரும் கென் வில்லியம்ஸும் போராடினர். 1977இல் நிறுவனம் அந்நாட்டிலிருந்து விலகிற்று. 2021இல் கூகிள் நிறுவனம் கரிய நிறத்தோரைச் செவ்வனே காட்டுதற்கெனத் தனியொரு திருத்தமுறையைத் தனது கைபேசியிற் புகுத்தியமை, அதுவரை இருந்த குறைபாட்டுக்கு ஒரு சான்றாகும்.

மணமகளின் நிறத்தைக் கேட்டு மதிப்பிடும் நமது சமுதாயத்திலே இவ்வூகம் எளிதில் வரவேற்பைப் பெறுவதில் வியப்பில்லை. பாட்டியின் கலியாணப் படம் வெளுப்பாகத் திருத்தப்பட்டு வரும்போது ‘நல்ல தெளிவு’ என மகிழ்கின்றோம். ஆயின், அங்கே நீக்கப்பட்டது அறையின் நிழலா, அவரது நிறமா என நாம் வினவுவதில்லை. மூலப் படம் அழிந்தபின் அவ்வினாவுக்கு விடை காணுதலும் இயலாது.

எனவே திருத்தத்தை முற்றாகத் தள்ளவேண்டுமா? அன்று. ஒளியை ஊகிப்பதற்குப் பதிலாக அளக்கும் எளிய முறையொன்று உண்டு. ஆவணத்தைப் படமெடுத்த அதே இடத்தில், கமராவையும் விளக்கையும் அசைக்காமல், வெள்ளைத்தாள் ஒன்றை வைத்து மற்றொரு படம் எடுத்தல் வேண்டும். வெண்தாள் எங்கும் ஒரே நிறமுடையது. ஆதலின் அதில் தோன்றும் ஏற்றத்தாழ்வு ஒளியின் ஏற்றத்தாழ்வேயாம். முதற் படத்தை இரண்டாவதால் வகுத்தால் நிழல் நீங்கும். கருமை கருமையாகவே நிற்கும். இதற்குத் தேவை ஒரு தாளும் சிறிது பொறுமையுமே. ஒன்று மட்டும் மனங்கொள்ளத்தக்கது: 0 அல்லது 255 எனத் தேங்கிவிட்ட புள்ளிகளில் இருந்த விவரம் எம்முறையாலும் மீளாது, அங்கு நிரப்பப்படுவது கற்பனையே. ஆகவே திருத்தாத படத்தை என்றும் பேணுதலும், செய்த திருத்தத்தைக் குறித்துவைத்தலும் ஆவணம் காப்போரின் முதற்கடன்களாகும்.

அளந்து செய்யும் திருத்தம் அறிவின்பாற்படும். ஊகித்துச் செய்யும் திருத்தம் ஊகிப்போரின் விருப்பு வெறுப்புகளைச் சுமந்தே வரும். பேரழிவுகளுக்குத் தப்பிய சிலவற்றையேனும் அடுத்த தலைமுறையிடம் கையளிக்கும் நாம், அவற்றை இருந்தவாறே கையளித்தல் வேண்டும்.